முதலில் தண்ணீர், பிறகுதான் மீன்

தொட்டியும் மீனும் ஒரே நாளில் வீட்டுக்கு வரக்கூடாது. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு கையில் கண்ணாடித் தொட்டியும் மறு கையில் மீன் பையுமாக, பிள்ளைகள் பின்னால் குதித்துக்கொண்டு வர, ஆட்டோ பிடிக்கும் குடும்பங்களைப் பார்த்தால் வழிமறித்துச் சொல்லலாமா என்று இருக்கும். பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அந்த மீன்களில் பாதி பத்து நாளில் ஏன் செத்துப்போகின்றன என்று எனக்குத் தெரியும். காரணம் பிள்ளைகளும் இல்லை, கடைக்காரரும் இல்லை. அம்மோனியா.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அதுவாகத்தான் மாறுகிறது. பழகிய தொட்டியில் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவதை ஓரளவுவரை மீன் தாங்கும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் இல்லை. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நம் ஊர் வெப்பத்திலும் காரத்தன்மை கூடிய நீரிலும் அம்மோனியாவின் விஷம் இன்னும் கூடுதலாக ஏறும் என்பதால் அவசரம் இங்கே ரொம்பவே ஆபத்து.

ஆகவே முதல் மாதம் மீன் இல்லாத மாதம். பிள்ளைகள் சலித்துப்போவார்கள் என்று பயப்பட வேண்டாம், வேலை நிறைய இருக்கிறது.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் இருக்கட்டும். விளிம்புவரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர். மேசைமேல் வைக்கும் சின்னக் கிண்ணம் வேண்டவே வேண்டாம். தண்ணீர் குறைவாக இருந்தால் ஒரு சிறு தப்பும் உடனே மீனைத் தாக்கும். தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து எழுபது கிலோ வரும் என்பதால் ஷூ அலமாரிமேல் ஏற்றாதீர்கள். மட்டமான, உறுதியான மேசை, அதன்மேல் ஒரு தெர்மாகோல் பலகை, அதன்மேல் தொட்டி. வெயில் விழும் ஜன்னலோரம் கூடாது, பாசி பிடித்துவிடும்.

அடியில் போட பத்துப் பன்னிரண்டு கிலோ ஆற்றுக்கூழாங்கல் போதும். கழுவுவது பிள்ளைகளின் வேலை, மொட்டை மாடியில் விடுங்கள். கழுவுமுன் ஒரு சோதனை: கல்மேல் எலுமிச்சைச் சாறு நான்கு சொட்டு விடச் சொல்லுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, ஒதுக்கிவிடுங்கள். என் பேத்தி அன்று வீட்டில் ஒரு கல்லையும் விட்டுவைக்கவில்லை, அம்மிக்கல்லுக்கும் அபிஷேகம் நடந்தது.

வடிகட்டிக்கு விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. ஏர் பம்புடன் இணைக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் மின்சாரம் போகும்போது குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி இறங்கி பிளக் வரைக்கும் போகும். இடமில்லை என்றால் குழாயின் நடுவே தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றை மாட்டச் சொல்லுங்கள், சில ரூபாய்தான்.

கேன் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் சுத்தமானவைதானே, அவற்றையே ஊற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்புகள் அநேகமாக இருக்காது. கப்பி, மோலி, பிளாட்டி போன்ற தொட்டி மீன்களுக்கு அந்த உப்புகள் வேண்டும். எங்கள் அம்பத்தூர் போர் தண்ணீரை நாங்கள் திட்டாத நாள் இல்லை, ஆனால் கப்பி அதில் ராஜாவாக வாழ்கிறது. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக வேண்டும். வாயகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள், அல்லது கடையில் ஆன்டி குளோரின் என்று விற்பதைக் கலக்குங்கள். பெரும்பாலும் அது சோடியம் தயோசல்பேட், வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டில் நிரப்பும் அதே ஹைப்போ.

தொட்டி ஓடத் தொடங்கியதும் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியை வெறும் தண்ணீரில் போடுங்கள். அது அழுகித்தான் பாக்டீரியாவுக்கு உணவாக வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் சொட்டு மருந்து கிட் ஒன்று வாங்குங்கள். எங்கள் வீட்டில் பேரன் சோதனைக்குழாயை வெள்ளைத் தாள்முன் பிடித்து, மஞ்சள் பச்சையாகிவிட்டதா என்று பார்த்து, தினசரி காலண்டர் தாளில் எழுதுவான். அம்மோனியா ஏறும், இறங்கும்; பிறகு நைட்ரைட் ஏறும், இறங்கும். தீனி போட்ட மறுநாளும் இரண்டும் பூஜ்யம் என்றால் மீன் வாங்கப் புறப்படலாம். பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் அழுக்கு ஸ்பாஞ்ச் ஒன்று கொடுத்தால், அதில் பாக்டீரியா ஏற்கெனவே இருப்பதால், காத்திருப்பு குறையும்.

முதல் தவணைக்கு ஐந்தாறு கப்பி. குட்டி வேண்டாம் என்றால் எல்லாம் ஆணாக எடுங்கள். வண்ண வால் ஆண், வயிறு பருத்தது பெண். ஆண் பக்கத்தில் இல்லாவிட்டாலும் வாங்கிவந்த பெண் ஒருமுறை சேர்ந்ததை வைத்தே மாதக்கணக்கில் குட்டி போடும். கடைத் தொட்டியில் ஒரே ஒரு மீன்மேல் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள். தங்கமீன் கேட்டு அடம்பிடித்தால் விட்டுக்கொடுக்காதீர்கள், இரண்டடித் தொட்டி அதற்குச் சிறை. ‘டேங்க் கிளீனர்’ என்று கடையில் தள்ளிவிடும் சக்கர் மீனையும் மறுத்துவிடுங்கள். ஓரடிக்கு மேல் வளரும். அப்படி வளர்ந்ததை ஏரியில் கொண்டுபோய் விட்டவர்களால்தான் இன்று நம் ஏரிகளில் அது பெருகி மீனவர் வலையைக் கிழிக்கிறது. எந்தத் தொட்டி மீனையும் ஏரி குளத்தில் விடாதீர்கள்.

மீன் பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றிப் பழக்கி, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

குடும்பத்தோடு மீன் வளர்ப்பதில் ஒரே ஒரு தனிச்சிக்கல் உண்டு: எல்லோரும் தீனி போடுவார்கள். காலையில் தாத்தா, பள்ளிக்குப் போகுமுன் பேரன், இரவு வீடு திரும்பிய மருமகன். மீனுக்கு இரண்டு நிமிடத்தில் தின்று தீர்ப்பதற்கு மேல் தேவையில்லை. என் வீட்டுக்காரரின் பழைய மாத்திரைப் பெட்டி, ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறைகள் கொண்டது, அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஞாயிறன்று பேத்தி ஏழிலும் தீனி நிரப்புவாள். இன்றைய அறை காலி என்றால் மீன் சாப்பிட்டாகிவிட்டது, தாத்தாவே கெஞ்சினாலும் கிடையாது.

வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை, அதாவது ஒரு வாளியை, டியூபால் அடிக்கல்லைக் கிளறி இறக்குங்கள். ஸ்பாஞ்சை அந்த வாளித் தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாயடியில் தேய்த்தால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், மாத உழைப்பு போச்சு. வாளித் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு, அதில் நைட்ரேட் இருக்கிறது.

கத்திரி வெயிலில் தண்ணீர் சூடேறினால் ஆக்சிஜன் குறையும். மூடியைத் திறந்து, மேஜை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் திருப்பிவிடுங்கள், ஆவியாவதே குளிர்விக்கும். ஊருக்குப் போவது நான்கைந்து நாள்தான் என்றால் வளர்ந்த கப்பிக்கு எதுவும் போட வேண்டாம். பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஏர் பம்பு ஓடுகிறதா என்று எட்டிப் பார்க்கச் சொன்னால் போதும்.