ஃபோட்டோவை ஷார்ப்பாக்க எந்தக் கருவி? புதிதாகப் பழகுபவர்களுக்குப் படிப்படியாக

ஃபோட்டோஷாப்பில் ஃபில்டர் மெனுவுக்குள் ‘ஷார்ப்பன்’ பகுதியைத் திறந்தால் ஐந்தாறு பெயர்கள் வரிசையாக நிற்கும். லைட்ரூமில் அதே வேலைக்கு நான்கு ஸ்லைடர்கள். டார்க்டேபிளில் ஒரு பெயர், ரா தெரபியில் வேறொரு பெயர், ஃபோனில் ஸ்னாப்சீட் திறந்தால் இன்னொன்று. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கையில் அகப்பட்டதை எடுத்து, படம் பளிச்சென்று ஆகும்வரை இழுத்துவிடுகிறார்கள். கருவியைப் பற்றி யோசிப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: படம் ஏன் மங்கலாக இருக்கிறது, அது கடைசியில் எங்கே பார்க்கப்படப் போகிறது. இது தெரிந்துவிட்டால் பட்டியலில் பாதிக்கு மேல் கழிந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்குத் தஞ்சைப் பெரிய கோயிலையே வைத்துக்கொள்கிறேன். சிற்பம் நிறைந்த விமானம், அதன் பின்னால் வெறும் வானம், அடிப்பகுதியில் கல்வெட்டு, பிராகாரத்தில் பட்டுச்சேலையோடு நிற்கும் பாட்டி. ஷார்ப்னிங்கில் வரும் சிக்கல் அத்தனையும் ஒரே வளாகத்தில் கிடைக்கும்.

கருவி உள்ளே என்ன செய்கிறது

விமானத்தின் ஓரம் வானத்தைத் தொடும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற கணக்கில், கல் பக்கத்துப் பிக்சல் 90, வானத்துப் பிக்சல் 180 என்று வைத்துக்கொள்வோம். ஷார்ப்னிங் கருவி எல்லையை ஒட்டிய கல் பிக்சலை 75-க்கு இறக்கும், வானத்துப் பிக்சலை 195-க்கு ஏற்றும். அவ்வளவுதான் அதன் வேலை. விளிம்பில் வித்தியாசம் கூடுவதால் கண்ணுக்குத் துல்லியமாகத் தோன்றுகிறது. புதிய விவரம் எதுவும் படத்துக்குள் வந்துவிடவில்லை. அளவு மீறினால் அந்த ஏற்றிய பகுதி தனியாகத் தெரிய ஆரம்பித்து, விமானத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக்கோடு இழுத்ததுபோல் ஆகிவிடும். இதற்குப் பெயர் ஹாலோ. இணையத்தில் பார்க்கும் கோயில் படங்களில் பாதிக்கு இந்த நோய் உண்டு.

இது கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இருந்த வித்தை. ஃபிலிம் காலத்தில் நெகட்டிவ்விலிருந்து மங்கலான பாசிட்டிவ் நகல் ஒன்றை எடுத்து, இரண்டையும் ஒன்றாக வைத்து அச்சிடுவார்கள். அன்ஷார்ப் மாஸ்க் இன்றும் அதே கணக்கைத்தான் போடுகிறது: படத்திலிருந்து அதன் மங்கலான நகலைக் கழித்து, மிஞ்சும் விளிம்பைப் படத்தோடு கூட்டுகிறது.

படி 1: 100 சதவீதத்தில் வைத்து நோயைக் கண்டுபிடியுங்கள்

திரைக்குள் அடங்கும்படி சுருக்கிய படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி (படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியும் நிலை), எது முக்கியமோ அந்த இடத்துக்குப் போங்கள்.

பாட்டியின் கண் மங்கலாக இருக்க, பின்னாலிருக்கும் தூணின் பொளிவு தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. இதற்கு ஷார்ப்னிங் மருந்தே கிடையாது. கொஞ்சம் தவறியிருந்தால் ஓரளவு ஒப்பேற்றலாம், அவ்வளவுதான்.

விளக்குப் புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் சின்னக் கோடாக நீண்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் ஸ்மார்ட் ஷார்ப்பனில் ‘ரிமூவ்’ என்ற இடத்தில் ‘மோஷன் பிளர்’ தேர்ந்து, ஆடிய கோணத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். ஓரிரு பிக்சல் ஆட்டம்வரை சரியாகும். அதைத் தாண்டினால் இன்னொரு படம் எடுப்பதே நல்லது.

எல்லாமே ஒரே சீராக, லேசாக, மெத்தென்று இருக்கிறதா? கவலை வேண்டாம், ரா ஃபைல் (சென்சார் பதிந்ததைக் கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமித்த கோப்பு) அப்படித்தான் இருக்கும். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே பதிகிறது. மற்ற இரண்டையும் மென்பொருள் அக்கம்பக்கம் பார்த்து ஊகிக்கிறது. அந்த ஊகத்தில் கூர்மை கொஞ்சம் கரைகிறது. பல கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் மெல்லிய மங்கல் வடிகட்டி வேறு இருக்கும். எஃப் 16, எஃப் 22 என்று லென்ஸின் துளையை ரொம்பச் சுருக்கி எடுத்திருந்தாலும் இதே மென்மை வரும். ஷார்ப்னிங் கருவிகள் உண்மையில் பிறந்தது இந்த வகை மங்கலுக்குத்தான்.

ஜேபெக் என்றால் கேமராவோ ஃபோனோ ஏற்கெனவே ஒரு சுற்று ஷார்ப்பாக்கித்தான் கொடுத்திருக்கும். அதன்மேல் நீங்கள் போடுவது இரண்டாவது சுற்று. கை அடக்கமாக இருக்கட்டும்.

படி 2: ரா ஃபைலுக்கு முதல் சுற்று

லைட்ரூம் வைத்திருப்பவர்கள் ‘டீடெயில்’ பகுதிக்குப் போங்கள். ரா படத்துக்கு அமௌன்ட் 40, ரேடியஸ் 1.0, டீடெயில் 25, மாஸ்கிங் 0 என்று அதுவே போட்டு வைத்திருக்கும். பலர் அமௌன்ட்டை மட்டும் ஏற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த நான்கில் உருப்படியானது கடைசியில் இருக்கும் மாஸ்கிங்.

ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்கிங் ஸ்லைடரை நகர்த்துங்கள் (மேக்கில் ஆப்ஷன்). முதலில் திரை முழுக்க வெள்ளையாக இருக்கும். எல்லா இடத்திலும் ஷார்ப்னிங் விழுகிறது என்று பொருள். வலப்பக்கம் நகர்த்த நகர்த்த, முதலில் வானம் கறுக்கும். பிறகு நிழலில் இருக்கும் வழவழப்பான சுவர் கறுக்கும். கடைசியில் சிற்பங்களின் கோடு மட்டும் வெள்ளையாக நிற்கும். விமானப் படத்தில் வானம் முழுக்கக் கறுத்தவுடன் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் 30, 40-க்குள் அது நடந்துவிடும். பாட்டியின் முகத்துக்குக் கன்னம் கறுத்து, கண், இமை, முடி மட்டும் தெரியும்வரை போகலாம். 70, 80 கூட ஆகும். வானத்தில் பொடிப்பொடியாக நாய்ஸ், அதாவது மணல் தூவியதுபோன்ற புள்ளிகள், கிளம்புவதைத் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

ரேடியஸ், அதாவது விளிம்பிலிருந்து விளைவு பரவும் தூரம், எவ்வளவு? கல்லின் சொரசொரப்பு, ஜரிகை, இலை போன்ற நுணுக்கமான விஷயங்களுக்கு 0.7, 0.8 போதும், பொடி நுணுக்கங்களை எழுப்பும் டீடெயிலைச் சற்று ஏற்றலாம். முகத்துக்கு 1.2, 1.3 வரை போய், டீடெயிலைக் குறைவாகவே வையுங்கள். இல்லையென்றால் தோலின் துவாரம் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும், பாட்டி திட்டுவார்.

பக்கத்தில் இருக்கும் கிளாரிட்டி, டெக்ஸ்ச்சர் இரண்டையும் ஷார்ப்னிங் என்று நினைத்து இழுப்பவர்கள் உண்டு. கிளாரிட்டி நடுத்தர வெளிச்சப் பகுதிகளின் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுகிறது. டெக்ஸ்ச்சர் மேற்பரப்பின் இழையை எடுத்துக் காட்டுகிறது. நல்ல கருவிகள்தான், வேலை வேறு.

காசு கொடுக்க வேண்டாம் என்பவர்களுக்கு ரா தெரபி இருக்கிறது. 2020-இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து ‘கேப்ச்சர் ஷார்ப்னிங்’ என்று ஒன்று உண்டு. டிக் போட்டால் ரேடியஸைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். உள்ளே ஓடுவது ரிச்சர்ட்சன்–லூசி முறை. விளிம்பை அழுத்துவதோடு நிற்காமல், மங்கல் எப்படி உண்டாகியிருக்கும் என்று ஊகித்து அதைப் பின்னோக்கி அவிழ்க்கப் பார்க்கும். 1990-இல் ஹபிள் தொலைநோக்கியின் கண்ணாடி பழுதோடு விண்வெளிக்குப் போய்ச் சேர்ந்தபோது, 1993 டிசம்பரில் ஆட்கள் போய்ச் சரிசெய்யும்வரை படங்களைத் தேற்ற உதவிய கணக்குகளில் இதுவும் ஒன்று. தொடங்குபவருக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான், கெடுப்பதற்கு வாய்ப்பு குறைவு. டார்க்டேபிளின் ‘டிஃப்யூஸ் ஆர் ஷார்ப்பன்’ இதைவிடச் சக்தி வாய்ந்தது, ஆனால் ஸ்லைடர்களைப் பார்த்தாலே தலை சுற்றும். அதிலுள்ள ‘லென்ஸ் டீபிளர்’ ப்ரீசெட் (முன்பே அளவு வைத்த அமைப்பு) ஒன்றைத் தேர்ந்துவிட்டு மற்றதைத் தொடாமல் இருங்கள். பழைய மடிக்கணினியில் அது திணறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படி 3: ஃபோட்டோஷாப், கிம்ப்பில் எதைத் தொடுவது

ஃபோட்டோஷாப் பட்டியலில் வெறும் ஷார்ப்பன், ஷார்ப்பன் மோர், ஷார்ப்பன் எட்ஜஸ் மூன்றையும் மறந்துவிடலாம். அவற்றில் அளவு வைக்க இடமே இல்லை.

அன்ஷார்ப் மாஸ்க்கில் மூன்று அளவுகள். அமௌன்ட் எவ்வளவு அழுத்தம் என்பது. ரேடியஸ் விளிம்பிலிருந்து எத்தனை பிக்சல் தள்ளி விளைவு பரவும் என்பது. த்ரெஷோல்ட் எவ்வளவு வித்தியாசம் இருந்தால்தான் விளிம்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது. வானத்து நாய்ஸை ஒதுக்குவது இதுதான். 24 மெகாபிக்சல் படத்துக்கு 100 சதவீதம், 1.0, 3 என்று ஆரம்பித்துப் பாருங்கள். ஹாலோவுக்குக் காரணம் அமௌன்ட்டைவிடப் பெரும்பாலும் ரேடியஸ்தான். சந்தேகம் வந்தால் முதலில் அதைக் குறையுங்கள்.

ஃபோட்டோஷாப்புக்கு மாற்றாக இருக்கும் இலவச மென்பொருளான கிம்ப்பில் ஃபில்டர்ஸ், என்ஹான்ஸ் வழியாகப் போனால் இதே கருவி இருக்கும். அங்கே ரேடியஸ் 3 என்று வந்து நிற்கும். பெரும்பாலான படங்களுக்கு அது அதிகம், 1-க்கு இறக்குங்கள். 2025-இல் வந்த கிம்ப் 3.0-இல் ஃபில்டரைப் போட்ட பிறகும் அளவை மாற்றலாம். பழைய பதிப்பு என்றால் லேயரை நகல் எடுத்துவிட்டு அதன்மேல் போடுங்கள்.

ஸ்மார்ட் ஷார்ப்பனில் ‘லென்ஸ் பிளர்’ தேர்ந்தால் ஹாலோ குறைவாக வரும், கூடவே நாய்ஸைக் குறைக்க ஒரு ஸ்லைடரும், நிழல், வெளிச்சப் பகுதிகளில் விளைவைத் தணிக்கத் தனி இடமும் உண்டு. விமானப் படத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

பாட்டி படத்துக்கு ஹை பாஸ். இது ஷார்ப்பன் பட்டியலில் இருக்காது, ஃபில்டர் மெனுவில் ‘அதர்’ என்ற பகுதிக்குள் ஒளிந்திருக்கும். செய்முறை இப்படி: கன்ட்ரோல் ஜே அழுத்தி லேயரை நகல் எடுங்கள். ஹை பாஸைத் திறந்து, சாம்பல் பரப்பில் இமை, முடி, ஜரிகை இவற்றின் கோடு மட்டும் மெலிதாகத் தெரியும்வரை ரேடியஸ் வையுங்கள். 1.5 முதல் 2.5 வரை இருக்கலாம். நிறம் எட்டிப் பார்த்தால் ரேடியஸ் கூடிவிட்டது. ஓகே கொடுத்து, அந்த லேயரின் பிளெண்ட் மோடை ‘ஓவர்லே’ ஆக்குங்கள். நடுச் சாம்பல் மறைந்து விளிம்பு மட்டும் வேலை செய்யும். அழுத்தம் அதிகம் என்றால் ‘சாஃப்ட் லைட்’. அப்புறம் லேயர் மாஸ்க் (கறுப்பு உள்ள இடத்தில் லேயரை மறைத்து, வெள்ளை உள்ள இடத்தில் காட்டும் திரை) ஒன்று போட்டு, கன்ட்ரோல் ஐ அழுத்திக் கறுப்பாக்கி, வெள்ளை பிரஷால் கண், புருவம், உதட்டோரம், மூக்குத்தி, சேலைக் கரை ஆகியவற்றில் மட்டும் தடவுங்கள். கன்னத்துச் சுருக்கம் எடுத்தபடியே மென்மையாக இருக்கும். கண் மட்டும் நம்மைப் பார்க்கும். ஹை பாஸ் பழைய முறைதான், ஆனால் எங்கே வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதைப் பிறகும் மாற்றிக்கொள்ளும் வசதி இதில் இருக்கிறது. விளைவு பிடிக்கவில்லையா, லேயரின் ஓபாசிட்டியை (அடர்த்தியை) குறைத்தால் போதும்.

ஏஐ கருவிகள்

டோபாஸ் போன்றவை கை ஆட்டத்தையும், லேசாகத் தவறிய ஃபோகஸையும் ஆச்சரியப்படும்படி தேற்றுகின்றன. ஆனால் அவை விவரத்தை மீட்பதோடு நிற்பதில்லை, இல்லாததை ஊகித்து வரைகின்றன. தூரத்து முகங்கள் வேறு யாருடைய முகமாகவோ மாறிவிடும். கல்வெட்டுப் படம் என்றால் இது ஆபத்து. தேய்ந்த கல்லின் பிளவை எழுத்தின் கோடாக்கிவிடும், எழுத்தின் கோட்டை வழித்துவிடும். யாரேனும் படிப்பதற்காக எடுக்கும் கல்வெட்டுப் படத்தில் ஏஐ ஷார்ப்னிங்கைத் தொடாதீர்கள். பக்கவாட்டிலிருந்து வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் எடுத்துவிட்டு, மெலிதாக அன்ஷார்ப் மாஸ்க் போட்டால் எழுத்து தானே எழும்பும்.

ஃபோனில்

ஸ்னாப்சீட்டின் ‘டீடெயில்ஸ்’ கருவியில் இரண்டு அளவுகள்: ஸ்ட்ரக்ச்சர், ஷார்ப்னிங். ஃபோன் படம் ஏற்கெனவே ஷார்ப்பானதுதான் என்பதால் ஷார்ப்னிங்கை 10, 15-க்குள் வையுங்கள். ஸ்ட்ரக்ச்சர் கல்லுக்கு நன்றாக இருக்கும், முகத்துக்கு வேண்டாம்.

படி 4: கடைசிச் சுற்று, அளவைக் குறைத்த பிறகு

6000 பிக்சல் அகலப் படத்தை இன்ஸ்டாகிராமுக்காக 1080-க்குச் சுருக்கினால், முதல் சுற்றில் செய்த நுணுக்கமெல்லாம் கரைந்துவிடும். அதனால் மற்ற எல்லா வேலையும் முடித்து, அளவைச் சுருக்கிய பிறகுதான் கடைசி ஷார்ப்னிங். வரிசையை மாற்றக் கூடாது. சின்னப் படத்துக்கு ரேடியஸ் 0.3 முதல் 0.5, அமௌன்ட் 60 முதல் 80, த்ரெஷோல்ட் 0. லைட்ரூமில் எக்ஸ்போர்ட் செய்யும்போதே ‘அவுட்புட் ஷார்ப்னிங்’ இருக்கிறது. ‘ஸ்கிரீன்’, ‘ஸ்டாண்டர்ட்’ என்று வைத்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

அச்சுக்கு என்றால் மேட் பேப்பரா, கிளாஸியா என்று ஸ்டூடியோவில் கேட்டுக்கொள்ளுங்கள். மேட் பேப்பரில் மை சற்றுப் பரவும், கூர்மை குறையும். அதனால் திரையில் பார்க்கக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் அளவுக்கு ஷார்ப்பாக்கினால்தான் தாளில் சரியாக வரும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறீர்கள் என்றால் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கும். நீங்கள் ஷார்ப்பாக்கிய விளிம்பைச் சுற்றித்தான் முதலில் கட்டம் கட்டமாக உடையும்.