பார்வையற்றோர் வைஃபை ரூட்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ரூட்டர் வாங்கும் பார்வையற்ற நண்பர்கள் பெரும்பாலும் வாங்கி முடித்த பிறகுதான் என்னை அழைக்கிறார்கள். பெட்டியைப் பிரித்தாகிவிட்டது, யாரோ வந்து வைஃபையை ஓடவும் வைத்துவிட்டார்கள். இப்போது பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், ஆனால் முடியவில்லை. இந்தத் தவறுகளில் பலவும் தொடக்கத்தில் நானும் செய்தவைதான் என்பதால் கேட்கும்போதே என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிடுகிறது.

பாஸ்வேர்டை எளிதாக வைக்காதீர்கள், ரூட்டரை அலமாரிக்குள் ஒளித்து வைக்காதீர்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானோடு வேலை செய்கிறவர்களுக்கென்றே வரும் தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஆப் மட்டுமே உள்ள ரூட்டரை வாங்குவது

ரூட்டரின் செட்டிங்ஸை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற முகவரியைத் தட்டி உள்ளே போவது ஒன்று. நிறுவனத்தின் மொபைல் ஆப் மற்றொன்று. பல மாடல்களில் இரண்டுமே இருக்கும். ஆனால் சில மாடல்களில், குறிப்பாக பல பெட்டிகளை வைத்து வீடு முழுக்க சிக்னலைப் பரப்பும் மெஷ் வகையில், ஆப் மட்டும்தான். ஈரோ, கூகுள் நெஸ்ட் வைஃபை இரண்டும் இந்த வகை. பிரவுசரில் போய் அமைப்புகளை மாற்ற அவற்றில் பக்கமே கிடையாது.

இந்த வகை ஆப்கள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஒன்று இன்று ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பான் டாக்பேக்கிலோ ஐபோனின் வாய்ஸ்ஓவரிலோ நன்றாகவே படிக்கலாம். அடுத்த அப்டேட்டில் அது கெட்டுப்போனால் உங்களுக்கு வேறு வழி இல்லை என்பதுதான் சிக்கல். பிரவுசர் பக்கம் இருந்தால் மாற்று நிறைய உண்டு: கணினித் திரைவாசிப்பான்களில் என்விடிஏ தடுமாறினால் ஜாஸ், ஒரு பிரவுசர் ஒத்துவராவிட்டால் இன்னொன்று, போனில் சரிவராவிட்டால் கணினி. ஆப்பில் பெயரில்லாத பட்டனுக்கு நாமே பெயர் வைக்க டாக்பேக்கிலும் வாய்ஸ்ஓவரிலும் வசதி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது ஆன் ஆஃப் ஆகும் சுவிட்சாக இருந்து, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லாவிட்டால், பெயர் வைத்து என்ன பயன்?

தெரிந்தவர் ஒருவர் மெஷ் செட் ஒன்று வாங்கினார். மேலே சொன்ன இரண்டும் அல்ல, வேறொன்று. பார்வையுள்ள உறவினர் வந்து அமைத்துக் கொடுத்தார். வேகம் அருமை, எல்லா அறையிலும் சிக்னல். சில மாதம் கழித்து பாஸ்வேர்டை மாற்ற வேண்டிய தேவை வந்து, முதல்முறையாகத் தானே ஆப்பைத் திறந்தார். "பட்டன், பட்டன், படம், பட்டன்" என்று மட்டும் வந்தது. எது எதுவென்று தெரிந்துகொள்ள ஒவ்வொன்றாக இருமுறை தட்டிப் பார்த்தார். அதில் ஒன்று, இரண்டாவது பெட்டியை நெட்வொர்க்கிலிருந்தே நீக்கிவிட்டது. திரும்பச் சேர்க்க வேண்டுமானால் பெட்டியின் அடியில் உள்ள கியூஆர் குறியைக் கேமராவில் சரியாகப் பிடிக்க வேண்டும். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலமும் முடிந்துபோயிருந்தது. கடைசியில் வேறு ரூட்டர் வாங்கினார்.

இது எனக்கு இன்றும் எரிச்சல் தரும் விஷயம். "ஆப் இருக்கிறது, ரொம்ப ஈஸி" என்று விற்கிறவர் சொல்வார். விஷயம் தெரிந்த நண்பரும் அதையே சொல்வார். யாருக்கு ஈஸி என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைவிட மோசம், இந்தக் குறை முதல் நாளில் வெளியே தெரிவதில்லை. வைஃபை ஓடுகிற வரை எந்த ரூட்டரும் நல்ல ரூட்டர்தான். செட்டிங்ஸைத் தொட வேண்டிய நாளில்தான் நீங்கள் வாங்கியது உங்களுக்கானதா என்று தெரியும், அந்த நாள் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க முடியாத நாளாகத்தான் இருக்கும். அதனால் பெட்டி வந்த அன்றே, பார்வையுள்ள யாரையும் கிட்டே விடாமல், நீங்களே உள்ளே போய் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். முடியாவிட்டால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.

வாங்குவதற்கு முன்பே சோதிக்கவும் வழி உண்டு. டிபி-லிங்க் தன் ரூட்டர்கள் பலவற்றின் செட்டிங்ஸ் பக்கங்களை எமுலேட்டர் என்ற பெயரில் இணையத்தில் வைத்திருக்கிறது. ரூட்டர் கையில் இல்லாமலேயே உள்ளே போய்ப் பார்க்கலாம். என்விடிஏவில் எஃப் விசையை அழுத்திக்கொண்டே போங்கள். பாஸ்வேர்டு கட்டம் தன் பெயரைச் சொல்கிறதா? சுவிட்சுகள் இருக்கும் நிலையைச் சொல்கின்றனவா? சேமிக்கும் பட்டனுக்கு டேப் விசையிலேயே போய்ச்சேர முடிகிறதா? பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டு உங்களை மறுபடி உச்சிக்குத் தூக்கிப் போடுகிறதா? இந்த நான்கையும் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஒரே மாடல் எண்ணில் வி1, வி2 என்று வெவ்வேறு ஹார்டுவேர் பதிப்புகள் வரும், பக்கமும் அதற்கேற்ப மாறலாம். நீங்கள் வாங்கப்போகும் பதிப்பைத்தான் சோதிக்க வேண்டும். எமுலேட்டர் இல்லாத நிறுவனமாக இருந்தால், அவர்களுடைய ஆப்பையாவது முன்கூட்டியே போனில் இறக்கி முதல் சில திரைகளைக் கேட்டுப் பாருங்கள்.

பார்க்கப் பழசாகத் தெரியும் பக்கம் பல நேரங்களில் நமக்கு நன்றாகவே படிக்கும், ஏனென்றால் சாதாரண படிவக் கட்டங்களை வைத்துச் செய்தது. பளபளப்பான புதுப் பக்கங்களில்தான் வெறும் படத்தை சுவிட்சாக வரைந்து வைக்கிறார்கள். லாகின் பக்கத்தில் படத்திலுள்ள எழுத்தைத் தட்டச் சொல்லும் ரூட்டர்களும் வந்திருக்கின்றன. ஒலி வடிவம் தராமல் அப்படிக் கேட்டால் பெட்டியைத் திறக்கக்கூட வேண்டாம்.

ஆண்டெனாவை எண்ணி வாங்குவது

எத்தனை இருந்தாலும், செட்டிங்ஸ் பக்கம் பேசாவிட்டால் வேண்டாம்.

ரீசெட் பட்டனைத் தடவிப் பார்க்காமல் விடுவது

டபிள்யூபிஎஸ் பட்டனை அழுத்தி பாஸ்வேர்டு இல்லாமலே பிரிண்டரை இணைப்பது நமக்கு வசதியான வழி. ஆனால் சில ரூட்டர்களில் டபிள்யூபிஎஸ்ஸுக்கும் ரீசெட்டுக்கும் ஒரே பட்டன். லேசாக அழுத்தி விட்டால் இணைப்பு. 5, 10 வினாடி பிடித்தால் எல்லா அமைப்பும் அழிந்து முதல் நாளுக்குப் போய்விடும். பார்வையுள்ளவர் விளக்கு மின்னுவதைப் பார்த்துக் கையை எடுத்துவிடுவார். நாம் அழுந்தியதா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னும் கொஞ்சம் பிடிப்போம், அவ்வளவுதான். ஊசி நுழையும் சிறு துளைக்குள் ரீசெட் தனியாக இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

டபிள்யூபிஎஸ்ஸில் 8 இலக்க பின் எண்ணைத் தட்டி இணைக்கும் முறையும் உண்டு, அதை மட்டும் அணைத்துவிடுங்கள். அந்த எண்ணை ரூட்டர் இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் உடைத்துவிடலாம் என்பது 2011இலேயே வெளியான விஷயம். பட்டன் முறைக்கு அந்தக் குறை இல்லை.

வைஃபை வழியாகவே அமைக்கப் பார்ப்பது

முதல் அமைப்பை எப்போதும் கேபிள் போட்டு, கணினியிலிருந்து செய்யுங்கள். வைஃபையில் இருந்தபடி வைஃபை பெயரை மாற்றினால் சேமித்த நொடியில் தொடர்பு அறுந்துவிடும். திரைவாசிப்பான் பழைய பக்கத்தையே படித்துக்கொண்டிருக்கும், மாறியதா இல்லையா என்று தெரியாது. போனில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். புது ரூட்டருக்கு இன்னும் இணையம் வராததால் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். இந்த வைஃபையிலேயே இருக்கலாமா என்று கேட்கும் அறிவிப்பு நம் காதில் விழாமலே போய்விடலாம். "192.168.1.1 திறக்கவே இல்லை" என்று என்னிடம் சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, மொபைல் டேட்டாவை அணைத்தீர்களா என்றுதான்.

விளக்கைப் பார்த்துச் சொல்ல ஆள் தேடுவது

தேவையில்லை. ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை பிங். கணினியில் முதலில் ரூட்டரின் முகவரிக்கு பிங் கொடுங்கள். பதில் வந்தால் ரூட்டர் வரை எல்லாம் சரி. அப்புறம் வெளியே இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8க்கு பிங். அதற்கும் பதில் வந்து, இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில். முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால் ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி ஐபி முகவரியைப் பாருங்கள். அங்கே 0.0.0.0 என்று இருந்தால் இணைய நிறுவனத்திடமிருந்து ரூட்டருக்கு முகவரியே வரவில்லை. வாடிக்கையாளர் சேவையில் "என்ன கலர் எரிகிறது" என்று கேட்கும்போது இந்த விவரத்தைச் சொல்லுங்கள், விளக்கின் நிறத்தைவிட இது தெளிவான தகவல்.

அடியில் உள்ள லேபிளை அப்புறம் படிக்கலாம் என்று விடுவது

வைஃபை பெயர், பாஸ்வேர்டு, அட்மின் முகவரி எல்லாம் அந்தச் சின்ன ஸ்டிக்கரில்தான் இருக்கும். படத்தை விவரிக்கும் செயலிகள் பலவற்றுக்கு இணையம் வேண்டும். நெட் போன நாளில் அவற்றை நம்பி உட்கார முடியாது. வாங்கிய அன்றே லேபிளைப் போட்டோ எடுத்து, எழுத்தாக்கி, ஒரு கோப்பில் சேமியுங்கள். பூஜ்யமும் ஓவும், ஒன்றும் எல்லும், எட்டும் பியும் மாறி வரும் இடங்களை ஒவ்வொன்றாக இணைத்துப் பார்த்துத் திருத்திவிடுங்கள். எல்லாம் அமைத்து முடித்ததும் ரூட்டரின் பேக்கப் கோப்பையும் இறக்கி அதே இடத்தில் வையுங்கள். ரீசெட் ஆனால் அதை ஏற்றினால் போதும்.

அடாப்டர்கள்

5, 9, 12 வோல்ட் அடாப்டர் மூன்றுக்கும் ஒரே அளவு பின் வரலாம், தடவிப் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றிலும் பிரெய்ல் லேபிள் ஒட்டுங்கள்.

அட்மின் கணக்கை இன்னொருவர் பெயரில் விடுவது

அமைக்க வந்தவர் அவசரத்தில் தன் மின்னஞ்சலையே போட்டுக் கணக்கைத் திறந்துவிடுவார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் உங்கள் வீட்டில் எந்தக் கருவி எப்போது இணைகிறது என்பதைப் பார்க்கும் வழி அவர் போனில் இருக்கும், நீங்கள் ஒரு பாஸ்வேர்டு மாற்றவும் அவரை அழைக்க வேண்டும். வைஃபை பாஸ்வேர்டு வேறு, அட்மின் பாஸ்வேர்டு வேறு. இரண்டும் உங்கள் கையில் வந்து, நீங்களே ஒருமுறை நுழைந்து பார்க்கும் வரை அவரை அனுப்பாதீர்கள்.

எல்லோருக்கும் ஓப்பன்டபிள்யூஆர்டியைப் பரிந்துரைப்பது

ரூட்டரில் நிறுவனத்தின் மென்பொருளுக்குப் பதிலாக நாமே ஏற்றிக்கொள்ளும் இலவச மென்பொருள் இது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கணினியிலிருந்து எழுத்துக் கட்டளைகளால் ரூட்டரை இயக்கும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போனால் எல்லா அமைப்பும் வெறும் எழுத்து. பெயரில்லாத பட்டன், படம் எதுவும் குறுக்கே வராது. ஆனால் கட்டளை வரியில் பழகாதவருக்கு இதைத் திணிப்பது சரியில்லை. பழகியவர்களும் வாங்கும் முன் தங்கள் மாடலும் அதன் ஹார்டுவேர் பதிப்பும் ஆதரவுப் பட்டியலில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். மெமரி குறைந்த பழைய ரூட்டர்களுக்குப் புதுப் பதிப்புகள் வருவதில்லை. புதிதாக ஏற்றியதும் வழக்கமாக வைஃபை அணைந்தே இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டி கெட்டுவிட்டது என்று பயந்து பாதியில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேபிள் வழியாக நுழைந்து வைஃபையை இயக்கினால் சரியாகிவிடும்.

கட்டளை வரி வேண்டாம் என்பவர்களுக்கு ஃப்ரிட்ஸ்பாக்ஸ் என்ற ஜெர்மன் ரூட்டர் வகையில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. அதில் இணைத்த சாதாரண தொலைபேசியில் #96*1* என்று அழுத்தினால் வைஃபை எரியும், #96*0* என்று அழுத்தினால் அணையும். திரையே தேவைப்படாத இப்படிப்பட்ட வழி ஏதாவது இருக்கிறதா என்று எந்த ரூட்டரின் கையேட்டிலும் தேடிப் பாருங்கள். அந்தக் கையேடு ஸ்கேன் செய்த படமாக இல்லாமல் எழுத்தாகப் படிக்கிறதா என்பதும் அதே நேரத்தில் தெரிந்துவிடும்.