முயல் காதுப் பட்டை: நெனெட்ஸ் பெண்களின் கோடை மேலாடையிலிருந்து ஒரு தையல் பாடம்

ரஷ்யாவின் வடகோடியில், யமால் தீபகற்பத்தை ஒட்டிய மரமில்லாத தூந்திர வெளிகளில் துருவ மான் மேய்க்கும் மக்கள் நெனெட்ஸ். 2010 கணக்கெடுப்பில் சுமார் 44,600 பேர். அவர்களில் பெண்கள் போடும் மேலாடையை ரஷ்ய மொழியில் யகுஷ்கா என்பார்கள். முன்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். நாடாவால் முடிந்து மேலே இடுப்புப் பட்டை கட்டுவார்கள். குளிர்காலத்துக்கு மான் தோல், கோடைக்குக் கம்பளித் துணி. கோடை என்றதும் மெல்லிய துணியை நினைக்காதீர்கள். அங்கே கோடையிலும் குளிர்காற்று உண்டு, கொசு மேகம் மேகமாக வரும். தடித்த துணிதான் காப்பு.

முழு ஆடையும் தைப்பது பெரிய வேலை. அதன் ஓரங்களில் வரும் வண்ணப் பட்டையை மட்டும் இன்று தைக்கலாம். முயல் காது என்பது அவர்களுடைய பழைய கோலங்களில் ஒன்று. இங்கே அதன் எளிய வடிவம்.

தேவை: சிவப்பு, பச்சை ஃபெல்ட் துணி, ஒவ்வொன்றும் 24 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம். ஃபெல்ட்டை வெட்டினால் நூல் பிரியாது, ஓரம் மடிக்க வேண்டாம். கட்டத்தாள், சாக்பீஸ், குண்டூசி, கூர்மையான கத்தரி, கைத்தையல் ஊசி நூல்.

படி 1. கட்டத்தாளில் கீழிருந்து 2 செ.மீ. உயரத்தில் தொடங்குங்கள். வலது பக்கம் 1 செ.மீ., மேலே 2, மறுபடி வலது 1, கீழே 2. இப்படியே போனால் 12 காதுகள் வரும். இதை வெட்டி, சிவப்புத் துணியின் பின்பக்கத்தில் வைத்துச் சாக்பீஸால் வரையுங்கள்.

படி 2. இதுதான் உயிரான இடம். இரண்டு துணிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். நான் முதல் முறை நான்கு குண்டூசி மட்டும் குத்தினேன். அடித்துணி நழுவி, காதுகள் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. ஒவ்வொரு காதிலும் ஒரு ஊசி குத்துங்கள். உள்மூலையில் கத்தரியின் நுனி கோட்டைத் தாண்டக் கூடாது.

படி 3. சிவப்பின் கீழ்ப்பாதியையும் பச்சையின் மேல்பாதியையும் சேர்த்து வையுங்கள். காதுகள் பச்சைக்குள் அப்படியே போய் உட்காரும். நெனெட்ஸ் பெண்களின் கைவேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கணக்குதான்: ஒரு துணுக்குகூட வீணாகாது.

படி 4. இரண்டையும் குப்புறப் போட்டு, விளிம்போடு விளிம்பு சேர்த்து, 2 மி.மீ. இடைவெளியில், நூல் இரண்டு விளிம்பையும் சுற்றி வரும்படி தையுங்கள். ஊசி துணியின் பாதி கனத்தை மட்டும் எடுக்கட்டும். அப்போதுதான் முன்பக்கம் தையல் தெரியாது. நூலை இறுக்கினால் மேடு தட்டும். மூலைகளில் ஒரு தையல் கூடுதலாகப் போடுங்கள். அவர்கள் தோல் தைக்க மானின் தசைநாரைத் திரித்து நூலாக்குவார்கள். நனைந்தால் அது உப்பி ஊசித் துளையை அடைத்துவிடும். நமக்குப் பருத்தி நூல் போதும்.

அப்புறம் ஈரத்துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். மீதிப் பாதிகளையும் இதேபோல் சேர்த்தால் நிறம் மாறிய இரண்டாவது பட்டை: இப்போது சிவப்புக்குள் பச்சைக் காதுகள். ஒரு துணிப்பையின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று வைத்துத் தைத்துவிடலாம்.