நாய்க்குட்டியின் கழிச்சல்: பூச்சியா, பார்வோவா?

நாய்க்குட்டிக்குப் பேதி என்றதும் பெரும்பாலான வீடுகளில் ‘பூச்சியாகத்தான் இருக்கும்’ என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கிறது. ஆனால், பூச்சி மருந்தைப் புகட்டிவிட்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்று காத்திருக்கும் அந்த இடைவெளியில்தான் பார்வோ என்னும் வைரஸ் நோய் கண்ட குட்டிகள் கைநழுவிப் போகின்றன. எனவே மருந்தைத் தேடுவதற்கு முன் குட்டியை நன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது வாயை. மேலுதட்டை மெல்லத் தூக்கினால் ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். அதை விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடத்தில் 2 விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். நிறம் திரும்பத் தாமதமானாலோ, ஈறு உலர்ந்து விரலில் ஒட்டினாலோ உடலில் நீர் வற்றிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஈறே கறுப்பாக உள்ள குட்டிகளில் கண்ணின் கீழிமையைச் சற்று இழுத்து உட்புறத்தின் நிறத்தைப் பார்க்கலாம்.

வீட்டைவிட்டு வெளியே போகாத குட்டிக்கு எப்படிப் புழு வந்தது என்று பலர் வியப்பதுண்டு. தாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் சினைக்காலத்தில் விழித்தெழுந்து நஞ்சுக்கொடி வழியாகவும், பிறகு பால் வழியாகவும் குட்டிக்குள் புகுந்துவிடுகின்றன. ஆகையால் பெரும்பாலான குட்டிகள் புழுவோடுதான் பிறக்கின்றன என்றே வைத்துக்கொள்ளலாம். உடம்பு மெலிந்திருக்க வயிறு மட்டும் உப்பியிருப்பது, மயிர் பளபளப்பிழந்து சொரசொரப்பாக நிற்பது, வாந்தியிலோ மலத்திலோ நீண்ட வெண்புழுக்கள் வெளிவருவது ஆகியவை இதன் அடையாளங்கள்.

இதைவிட அஞ்ச வேண்டியது கொக்கிப்புழு. தாய்ப்பால் வழியாக வந்து குடலைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும் இப்புழு மிகச் சிறியது என்பதால் மலத்தில் கண்ணுக்குப் படுவது அரிது. மலம் கறுத்துப் பிசுபிசுவென்று போவதும் ஈறு வெளிறுவதும்தான் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. ஆசனவாயைச் சுற்றி அரிசிபோல் ஒட்டியிருப்பவை நாடாப்புழுவின் துண்டுகள். அவை தெள்ளுப்பூச்சியால் பரவுபவை. அருவருப்பாக இருந்தாலும் அவசர ஆபத்து இல்லை. ஆனால், குட்டிகளுக்கு வழக்கமாகத் தரும் பைரன்டெல் மருந்து நாடாப்புழுவையோ, காக்சிடியா, ஜியார்டியா போன்ற நுண்ணுயிர்களையோ ஒன்றும் செய்யாது. மருந்து கொடுத்தும் கழிச்சல் நிற்கவில்லையென்றால் இன்னொரு முறை அதையே கொடுக்காமல் மலப் பரிசோதனை செய்வதே முறை.

பார்வோ பெரும்பாலும் 6 வாரத்திலிருந்து 6 மாதம் வரையுள்ள, தடுப்பூசி முழுமையடையாத குட்டிகளைத் தாக்குகிறது. அது பெரும்பாலும் பேதியில் தொடங்குவதில்லை: முதல் நாள் குட்டி சோர்ந்து மூலையில் படுக்கும், தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், பிறகு விடாத வாந்தி, அதன்பின் கடும் நாற்றத்துடன் நீர்த்த கழிச்சல். இரத்தம் தெரிந்தால்தான் பார்வோ என்று நினைப்பது தவறு. இரத்தம் கலக்காத பார்வோவும் உண்டு. உரிய நேரத்தில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினால் பல குட்டிகள் பிழைக்கின்றன. கடும் கழிச்சலுக்கிடையே வயிற்றைத் தொடவிடாமல் முனகி, முக்கி முக்கிச் சளியும் இரத்தமும் மட்டும் போனால், குடலின் ஒரு பகுதி மற்றொன்றுக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி.

குடித்த தண்ணீர் வயிற்றில் தங்காதபோதும், மலத்தில் இரத்தம் தென்படும்போதும், ஈறு வெளிறும்போதும், உடல் வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போதும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மிகச் சிறிய குட்டி அரை நாள் உண்ணாமல் இருந்தாலே இரத்தச் சர்க்கரை இறங்கி வலிப்பு வரலாம். புதிய மலத்தில் சிறிதளவை மூடிய டப்பாவில் எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும். வாந்தி எடுக்கும் குட்டிக்குப் பாலையோ தண்ணீரையோ வலுக்கட்டாயமாகப் புகட்டினால் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். மனிதருக்கான, பேதியை நிறுத்தும் மாத்திரையும் பாரசிட்டமாலும் வேண்டவே வேண்டாம். வயிற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று விளக்கெண்ணெய் கொடுப்பது, ஏற்கெனவே நீரிழந்த குட்டியை இன்னும் வற்றச் செய்யும்.

நலமாக உள்ள குட்டிக்கு 2 வார வயதில் பூச்சி மருந்தைத் தொடங்கி, 8 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு 6 மாதம் வரை மாதந்தோறும், எடை பார்த்து அளவறிந்து கொடுக்க வேண்டும். தாய்க்கும் கூடவே கொடுக்க வேண்டும். பார்வோ தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, குறைந்தது 16 வார வயது வரை இடைவெளி விட்டுத் தொடர வேண்டும். பார்வோ கண்ட இடத்தை ஃபினாயிலால் கழுவிப் பயனில்லை. அழுக்கை முதலில் நீக்கிவிட்டு, 1 பங்கு ப்ளீச் திரவத்தை 30 பங்கு நீரில் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும் தன்மை பெறுகிறது. அது குழந்தைகளின் கண்ணையும் பாதிக்கக்கூடியது என்பதால், முற்றத்தில் கிடக்கும் மலத்தை அன்றன்றே அள்ளிவிட வேண்டும்.