கல்லூரி அறிவிப்பு கண்ணில் படாமல் போகாதிருக்க

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தேர்வுக் கட்டணம், கருத்தரங்கப் பதிவு, கல்லூரி விழா பற்றிய சுற்றறிக்கை வந்தால், அதை அழுத்திப் பிடித்து ‘பின்’ செய்து, காலத்தை 30 நாள் என்று மாற்றிவிடுங்கள். நாமாக மாற்றாவிட்டால் 7 நாளில் அது உரையாடலின் உச்சியிலிருந்து மறைந்துவிடும். கடைசித் தேதியோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். காலை வணக்கங்கள் எத்தனை குவிந்தாலும், பின் செய்தது உரையாடலின் உச்சியிலேயே நிற்கும்.

அறிவிப்புப் பலகையின் படத்தை மட்டும் அனுப்பினால் மேலே தேதி தெரியாது. ஆகவே படத்தின் கீழ், “மார்ச் 14, தேர்வுக் கட்டணம் கடைசி நாள்” என்பதுபோல் தேதியை முதலில் வைத்துத் தட்டச்சு செய்யுங்கள். அந்த முதல் வரிதான் உச்சியில் தெரியும், பெரிய உதவி அது.

ஒரே நேரத்தில் 3 செய்திகளுக்கு மேல் பின் செய்ய முடியாது; பணம் சம்பந்தப்பட்டவற்றுக்கே முதலிடம் கொடுங்கள். அட்மின் மட்டுமே பின் செய்யலாம் என்று கட்டுப்படுத்திய குழுக்களில் அவரிடம்தான் கேட்க வேண்டும். தேதி தள்ளிப்போனால் பழையதை உடனே நீக்கிவிட்டுப் புதியதைப் பின் செய்யுங்கள். ஏனெனில், அனுப்பி 15 நிமிடம் கடந்த செய்தியைத் திருத்த இயலாது.