மவுஸில் வரையச் சொல்லும் க்விஸ் கேள்விகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மவுஸைப் பிடித்து உங்கள் கையெழுத்தைப் போட்டுப் பாருங்கள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல இருக்கும். பேனா பிடித்தால் விரல் நுனிகள் வேலை செய்யும், மவுஸில் மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து இழுக்க வேண்டும், போதாக்குறைக்குக் கை ஒரு பக்கம் இருக்க கோடு திரையில் வேறு பக்கம் விழுகிறது. இதை மறந்துவிட்டு க்விஸில் "வரைந்து காட்டுக" என்று கேட்பதில்தான் பாதித் தவறுகள் ஆரம்பிக்கின்றன.

முதலில், வரைந்தே ஆக வேண்டுமா? இதயத்தின் படத்தில் இடது கீழறை எது என்று கேட்டால் ஒரு க்ளிக் போதும், அதைச் சுற்றி வட்டம் போடச் சொல்வது வெட்டி வேலை. நேர்கோடு என்றால் இரண்டு புள்ளிகளை க்ளிக் செய்ய விட்டுவிடுங்கள். கோட்டின் வடிவமே விடை என்றால் மட்டும் கையால் வரையச் சொல்லலாம்.

சரி, அப்படி ஒரு கேள்வி: ஒய் = எக்ஸ் ஸ்கொயர் வரைபடம். ஒருவர் முனையைச் சரியாக ஆதிப்புள்ளியில் வைத்து இரண்டு பக்கமும் மேல்நோக்கி இழுத்திருக்கிறார், வலது பக்கம் கொஞ்சம் நெளிந்துவிட்டது. நிரல் அதைச் சரியான வளைவோடு பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டு 'தவறு' என்று சிவப்பைக் காட்டுகிறது. இதையே தாளில் பார்த்த எந்த ஆசிரியரும் முழு மதிப்பெண் போட்டிருப்பார். முனை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, இரு பக்கமும் ஏறக்குறைய ஒத்திருக்கிறதா, இதையெல்லாம் தனித்தனியாகப் பார்த்துத் திருத்துங்கள். அதேபோல மவுஸில் போட்ட வட்டம் பெரும்பாலும் மூடாது, தொடக்கமும் முடிவும் கிட்டத்தில் இருந்தால் நீங்களே இணைத்துவிடுங்கள்.

கடிகாரம் வைப்பது இன்னொரு வம்பு. பாதை எவ்வளவு நீளமோ, எவ்வளவு குறுகலோ, அதற்கேற்ப நேரமும் கூடும் என்று அக்கோ, ஷுமின் சாய் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் 1997-லேயே சூத்திரமாகச் சொல்லிவிட்டார்கள். துல்லியமும் வேண்டும், 15 விநாடியில் முடிக்கவும் வேண்டும் என்றால் பாடம் தெரிந்தவர்கூடத் தோற்றுப்போவார்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது நிரலில் இருக்கும் ஒரு சின்ன ஓட்டை. வரையும்போது கை பெட்டிக்கு வெளியே போய்விடும், பட்டனை அங்கேயே விட்டுவிடுவோம், அது கேன்வாஸுக்கு, அதாவது பக்கத்தில் வரைவதற்கென்று வைத்த அந்தப் பெட்டிக்கு, தெரியாது. திரும்பி வந்தால் அழுத்தாமலேயே கோடு கர்சரோடு ஒட்டிக்கொண்டு வரும், 'சமர்ப்பி'யை நோக்கிப் போகிற வழியில் அழகாக வரைந்த படத்தின் குறுக்கே நீளமாக ஒரு கோடு விழும். கர்சர் வெளியே போனாலும் பட்டனை விடும் வரை அதன் அசைவைப் பெட்டிக்கே சொல்லும் செட்பாயின்டர்கேப்ச்சர் (setPointerCapture) என்று ஒரே ஒரு வரி எழுதினால் தீர்கிற விஷயம் இது.

அப்புறம், கேன்வாஸின் அகலத்தை மாற்றினாலே உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், போனைத் திருப்பியதும் படம் காணாமல் போவது பல நேரம் இதனால்தான். புள்ளிகளைச் சேமித்து வைத்துக்கொண்டு மறுபடி வரையுங்கள். கோடு கோடாகச் சேமித்தால் கடைசிக் கோட்டை மட்டும் நீக்கும் அன்டூவும் சுலபமாகக் கிடைக்கும். 'எல்லாம் அழி' பட்டன் மட்டும் கொடுத்துவிட்டு, ஒரு கோடு பிசகியதற்கு முழுப்படத்தையும் திரும்பப் போட வைப்பது கொடுமை. தொடுதிரையில் டச்-ஆக்ஷனை (touch-action, விரல் பட்டால் பிரவுசர் தானாகச் செய்யும் உருட்டல் போன்றவற்றுக்கான அமைப்பு) நிறுத்தாவிட்டால் வரையப் போன விரல் பக்கத்தை உருட்டிக்கொண்டு போய்விடும்.

கை நடுங்குபவர்கள், கீபோர்டு மட்டும் பயன்படுத்துபவர்கள் என்ன செய்வார்கள்? 2023-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 (இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான வழிகாட்டு விதிகள்), இழுத்துச் செய்யும் வேலைக்கு இழுக்காமல் செய்யும் வழியும் வேண்டும் என்கிறது. இழுப்பது இன்றியமையாதது என்றால் விலக்கு உண்டு, ஆனால் க்விஸ் கேள்விக்கு அந்த விலக்கைக் காட்டித் தப்பிப்பது என்னைப் பொறுத்தவரை சோம்பேறித்தனம். நான்கு வரைபடங்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாமே.

வெளியிடும் முன் டச்பேடில், பழக்கமில்லாத கையால், உங்கள் கேள்விக்கு நீங்களே ஒருமுறை வரைந்து பாருங்கள். ஃபெயில் ஆனால், எவ்வளவு பிசகினாலும் சரி என்று ஏற்பீர்களோ அந்த அளவை இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்.