விருதுக்கு அனுப்பும் புலனாய்வுச் செய்தி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் பாலாற்றைப் பற்றி எழுதாத செய்தியாளர் அரிது. அந்தச் செய்திகளைப் பொதுநலப் பிரிவிலோ புலனாய்வுப் பிரிவிலோ விருதுக்கு அனுப்பும்போது, களத்தில் பட்ட பாட்டையெல்லாம் விண்ணப்பமே வீணாக்கிவிடுகிறது என்பதுதான் வருத்தம்.

மிகப் பெரிய தவறு, பிறர் போராடிப் பெற்ற மாற்றத்தைத் தம் செய்தியின் விளைவாகக் காட்டுவது. பாலாற்றில் கலந்த தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு, வேலூர்க் குடிமக்களின் நல அமைப்பு ஒன்று தொடுத்த பொதுநல வழக்கில் பிறந்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு உறுதிசெய்தது. அதன் பயனை முப்பது ஆண்டு கழித்து ஒரு தொடர்கட்டுரைக்கு உரியதாக்குவது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி. செய்தி வெளியான நாள், அதிகாரிகள் ஆய்வுக்கு வந்த நாள், ஆணை பிறந்த நாள் ஆகியவற்றை வரிசையாக எழுதி, தொடர்பு உறுதியாகத் தெரியும் இடத்தில் மட்டும் உரிமை கோருங்கள்.

அடுத்தது, அறிவியல் விவரங்களில் அலட்சியம். தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலில் கவலைக்குரியது, புற்றுநோயை உண்டாக்கும் ஆறு இணைதிறன் கொண்ட வகை. இரண்டையும் வெறுமனே ‘குரோமியம்’ என்று எழுதினால், விவரம் அறிந்த நடுவர் மற்றப் பத்திகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார். குடிநீரில் கரைந்த உப்புகளுக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். மாற்று நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை ஏற்கலாம். எந்த அளவோடு ஒப்பிட்டீர்கள், எந்தக் கிணற்றில், மழைக்கு முன்பா பின்பா என்பதையெல்லாம் சொல்லியாக வேண்டும்.

அதிகாரிகளின் செய்திக்குறிப்பை விரித்தெழுதுவது புலனாய்வாகாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற பதில்களின் நகல்களை இணையுங்கள்.

உருக்கத்துக்காகப் பாத்திரங்களை உருவாக்குவது எல்லாவற்றிலும் கொடிது. 1981-இல் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஜேனட் குக்குக்குக் கிடைத்த, அமெரிக்காவின் புகழ்பெற்ற இதழியல் விருதான புலிட்சர் பரிசு, அவர் செய்தியில் வந்த சிறுவன் கற்பனை என்று தெரிந்ததும் திருப்பித் தரப்பட்டது.

விதிகளைப் படிக்காமல் அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது. புலிட்சரின் பொதுச் சேவைப் பதக்கம் தனி நிருபருக்கு அன்று, செய்தி நிறுவனத்துக்கே உரியது. இந்திய இதழியலுக்கான ராம்நாத் கோயங்கா விருதுகளில் இந்திய மொழிகளுக்கு இடமுண்டு. தமிழ்ச் செய்தியாளர் முதலில் பார்க்க வேண்டியது அதை.

குற்றம் சாட்டப்பட்ட ஆலையின் மறுப்பையும், நீங்கள் வெளியிட்ட திருத்தத்தையும் மறைக்காமல் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.